கழுவிக் கொண்டுபோன புண்

"புண்ணைக் கழுவாதீங்க ஆயா. கட்டை மாத்தாதீங்க. மருந்து எதுவும் தடவாதீங்க. காலையில அப்படியே கூட்டிக்கினு வாங்க."

டெஸ்டுக்கு முதல் நாள் லேப் பெண் இதைச் சொன்னபோது எனக்கு நன்றாகவே காது கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது. பக்கத்து பிளாக்கில் குக்கர் விசில் அடித்தால் எத்தனையாவது விசில் என்று சொல்லிவிடுவேன். காது கேட்காமல் செய்துவிட்டேன் என்றோ, அவள் சொன்னது விளங்காமல் செய்துவிட்டேன் என்றோ எழுத முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். அப்படி இல்லை.

என் வீட்டுக்காரர் முப்பது வருடத்துக்கு மேல் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எங்கள் மகனும் அங்கேயே பர்மனென்ட். அவனுடைய குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் இருவரும் இருக்கிறோம். மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த சமயம் அது. அவருக்குச் சர்க்கரை உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்து போயிருந்தது. ஒரு நாள் கடைத்தெருவுக்கு நடந்து போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றினார். உள்ளே இருந்து ஒரு ஜல்லிக்கல் விழுந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. போக வர அந்தக் கல்லின்மேலேயே மிதித்து நடந்திருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே தோல் வழண்டிருந்தது. அவ்வளவுதான் என்று இருந்தோம். பத்து நாளில் அது குழியாகிச் சீழ் கோத்துக்கொண்டது.

டவுன்ஷிப் வாசலில் இருக்கிற ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு டாக்டர். அவர் கொடுத்த மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டும் புண் ஆறவில்லை. அப்போது அவர் சொன்னார், மூன்று நாள் மாத்திரையை நிறுத்துங்கள், பிறகு சீழ் எடுத்துக் கல்ச்சர் டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம், எந்தக் கிருமி என்று தெரிந்தால் அதற்குத் தக்க மருந்து கொடுக்கலாம் என்று. அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். கல்ச்சர். என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்குமேல் கொஞ்சம் திணறும். ஆனால் யாராவது ஒன்றைச் சொல்லி, நான் புரியவில்லை என்று திருப்பிக் கேட்டதாக இந்த டவுன்ஷிப்பில் ஒருத்தர் சொல்ல முடியாது. அதை ஒரு பெருமையாக வைத்திருந்தேன். டாக்டர் சொன்னதற்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எனக்குத் தெரிந்த டெஸ்ட் வேறு. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று மெடிக்கல் வரும். கண், காது, நெஞ்சு, இரத்தம், எல்லாம் பார்ப்பார்கள். ஃபிட் என்று எழுதினால் பழைய வேலை. அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் வேறு எங்காவது உட்கார வைப்பார்கள், ஷிப்ட்டில் கிடைக்கிற படிக்காசெல்லாம் போய்விடும், அதைவிட நாலு பேர் வாயில் விழ வேண்டும். அதனால் மெடிக்கல் தேதி வந்துவிட்டால் வீட்டில் பிள்ளைக்குப் பரீட்சை வந்தது போலத்தான். கண் பார்க்கிற அட்டையில் உள்ள எழுத்துகளை முதல் நாளே போய் வந்தவர் சொல்ல, என் வீட்டுக்காரர் வரிசையாக மனப்பாடம் செய்வார். நான் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, ஆனாலும் அந்த வரிசை தெரியும். மூன்று நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்துவிடுவேன். வெந்தயத் தண்ணீர், பாகற்காய், உப்பில்லாத கீரை. போகிற அன்றைக்குத் தலைக்கு ஊற்றி, பெட்டி போட்ட சட்டை போட்டு, நானே வாசல் வரை வந்து அனுப்புவேன். ஃபிட் என்று வந்துவிடும். அன்று சாயங்காலம் கேசரி கிண்டி எங்கள் பிளாக்கில் நாலு வீட்டுக்குக் கொடுப்பேன். எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. என் வீட்டில் கொஞ்சம் அதிகமாக நடந்தது, ஏனென்றால் அவர் ஒரு தடவைகூட அன்ஃபிட் ஆனதில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆசை.

அவருக்குச் சர்க்கரை எப்போது வந்தது என்று எங்களுக்கே தெரியாமல் போனது அப்படித்தான். டெஸ்ட் எடுத்த அன்றைக்கெல்லாம் அது இல்லை.

ஆக, டாக்டர் மூன்று நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னபோது எனக்கு அது சரியாகப் படவில்லை. பரீட்சைக்கு முன்னால் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்கிற வாத்தியார் உண்டா? மீதி மாத்திரை டப்பாவில் இருந்தது. போன வருடம் மகனுக்குப் பல் வீங்கியபோது வாங்கியதில் சிவப்பும் கறுப்புமாக நாலு கேப்ஸ்யூல் மிச்சம் இருந்தது. இரண்டையும் சேர்த்து மூன்று நாளும் கொடுத்தேன். அவர், டாக்டர் வேண்டாம் என்றாரே என்று ஒரு வார்த்தை சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டு விஷயத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அது முடிந்த பேச்சு.

டெஸ்டுக்குப் போகிற அன்று காலையில், மேல் வீட்டு அம்மாள் துணி காயப்போடக் கீழே வந்தவள் எங்கள் பின்வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"என்னா வாடை? எலி கிலி செத்துப் போச்சா உங்க வூட்டுல?"

அவள் வேண்டுமென்று சொன்னாளா தெரியாமல் சொன்னாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழுந்தது. நான் காடாம்புலியூர்ப் பக்கத்துக்காரி. பலாச்சுளையை அறுத்துப் போட்டால் ஈ வரும் என்று வாசலை மூன்று தடவை கழுவுகிற வீட்டில் பிறந்தவள். முப்பது வருடம் பழுப்பு நிலக்கரித் தூசியோடு வந்த துணியை வெளுத்து, மறுநாள் புதுசு போல மாட்டி அனுப்பியவள். அந்த மனிதரை நாறுகிற காலோடு ஆட்டோவில் ஏற்றி, லேப்பில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கொண்டுபோய் இறக்க எனக்கு மனம் வரவில்லை.

கட்டைப் பிரித்தேன். வெந்நீரில் டெட்டால் ஊற்றி, பஞ்சை விட்டு, குழிக்குள் வரை துடைத்தேன். வெளியே வந்ததையெல்லாம் எடுத்தேன். அவருக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. பிறகு மருந்துப் பொடி தூவி, புதுத் துணியில் கட்டு. முடிந்தபோது புண் சிவப்பாக, பார்க்க நன்றாக இருந்தது. எனக்குத் திருப்தி.

லேப்பில் அந்தப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். ஒல்லியாக இருப்பாள். நெற்றியில் பொட்டு இருப்பதே தெரியாது, அத்தனை சின்னது. அவள் கொஞ்ச நேரம் புண்ணையே பார்த்தாள்.

"கழுவினீங்களா ஆயா?"

"இல்லையே."

"மாத்திரை எதுனா குடுத்தீங்களா, இந்த மூணு நாள்ல?"

"டாக்டர்தான் நிறுத்தச் சொன்னாரே. நான் எப்படிக் கொடுப்பேன்?"

என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு தாளில் ஏதோ எழுதினாள். பிறகு நீளமான குச்சியின் நுனியில் இருந்த பஞ்சைப் புண்ணுக்குள் விட்டு உருட்டி எடுத்து, ஒரு குழாய்க்குள் போட்டு மூடினாள். ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே என்று அவள் வாய்க்குள் சொன்னது என் காதில் விழுந்தது. பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நான் மட்டும் போய் ரிப்போர்ட்டை வாங்கினேன். மற்ற ரிப்போர்ட் எல்லாம் தாள் முழுக்க எண்ணாக இருக்கும். இதில் ஒரே ஒரு வரி. அது என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணும் வளரல ஆயா," என்றாள்.

கிருமி ஒன்றும் இல்லை என்று எனக்கு விளங்கிற்று. சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. புண் அப்படி இருக்கும்போது ஒன்றுமே வளராமல் இருப்பது சரியாகப் படவில்லை, இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம், தாத்தாவை மறுபடி கூட்டிக்கொண்டு வர முடியுமா, தானே டாக்டரிடம் சொல்கிறேன் என்றாள்.

"ஒரு தடவை பாஸானதை எதுக்கு இன்னொரு தடவை எழுதணும்?" என்றேன்.

"இது பாஸு பெயிலு இல்ல ஆயா. கல்ச்சர்னா என்னன்னா..."

"எனக்குத் தெரியும்," என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருந்தால் அவள் சொல்லி முடித்திருப்பாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி நான் நினைக்காத நாள் இல்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கிருமி இல்லையென்றால் இரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் ஆறாமல் இருக்கலாம் என்று, அதற்கு மாத்திரை எழுதினார். கிருமிக்கான மாத்திரை வேண்டாம் என்றார். காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்றும் சொன்னார். அன்று சாயங்காலம் நான் கேசரி கிண்டினேன். மேல் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

எட்டாம் நாள் காய்ச்சல். நடுக்கம். காலைப் பிரித்துப் பார்த்தால் விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. மகன் ஷிப்ட்டை விட்டு வந்து, கார் பிடித்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனான். அங்கே மறுபடி சீழ் எடுத்தார்கள். இந்தத் தடவை நான் தொடவில்லை, அவர்கள் என்னைத் தொட விடவும் இல்லை. இரண்டு நாளில் கிருமி வளர்ந்து, அதன் பேரும் வந்தது, அது எந்த மருந்துக்குச் சாகும் என்றும் வந்தது. அந்த மருந்து ஏறியது. ஆனால் அதற்குள் பாதத்தின் முன்பாதி போய்விட்டது. எடுத்துவிட்டார்கள். இந்த மருந்து இரண்டு வாரம் முன்னால் கிடைத்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று அங்கே ஒரு டாக்டர் என் மகனிடம் சொன்னார். முதல் ரிப்போர்ட்டில் ஏன் ஒன்றும் வரவில்லை என்றும் கேட்டார்.

அந்தக் கேள்வி மகன் மனதில் தங்கிவிட்டது. அவன் அதிர்ந்து பேசாதவன். அப்பாவைக் கொண்டுவந்து வீட்டில் படுக்க வைத்த மறுநாள், வாம்மா என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேராக லேப்புக்குப் போனான். நீதானே அன்றைக்குக் கூட இருந்தாய், நீ சொல் என்றான். வழியெல்லாம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஸ்கூட்டர் திரும்பியிருக்கும்.

லேப் முதலாளி உள்ளே இருந்தார். இரத்தம் கொடுக்க வந்தவர்கள் பெஞ்சில் இருந்தார்கள். மகன் இரண்டு ரிப்போர்ட்டையும் மேசைமேல் வைத்துச் சத்தம் போட்டான். எங்கப்பா காலை இங்கேதான் எடுத்தீங்க என்றான். இன்னும் என்னென்னவோ பேசினான். அந்தப் பெண்ணைப் பார்த்து, படித்துத்தான் வந்தாயா, வேறு எதற்காவது வந்தாயா என்று கேட்டான். அவன் வாயில் அப்படி ஒரு பேச்சை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்தப் பெண் அழவில்லை. உள்ளே போய், ஒரு சின்ன மூடித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளங்கை அகலம். உள்ளே சிவப்பாக, உறைந்த பாயசம் போல இருந்தது.

"அண்ணா, இதைப் பாருங்க. இது கடல்பாசி. ஆட்டு ரத்தம் கலந்திருக்கு. கிருமிக்கு இதுதான் சோறு. சீழ்ல இருக்கிற கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதை இந்தச் சோத்து மேல தடவி, நம்ம உடம்புல எவ்ளோ சூடு இருக்குதோ அந்தச் சூட்டுல வச்சா, அது பெருகிப் பெருகி இப்படிப் புள்ளி புள்ளியா நிக்கும். நின்னாதான் இது இன்ன கிருமின்னு சொல்ல முடியும். அப்புறம் மருந்து வில்லைங்கள அது மேல வைப்போம். எந்த வில்லையச் சுத்தி கிருமி வளரலையோ, அந்த மருந்துதான் தாத்தாவுக்கு. அதுக்குப் பேருதான் கல்ச்சர். கிருமியைக் கொல்றது இல்ல அண்ணா, வளக்கறது. உயிரோட என் கைக்கு வந்தாதான் வளரும்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நான் கேட்காமல் நிறுத்திய பேச்சு அதுதான். தட்டில் அந்தப் புள்ளிகள் ரவை தூவினது போல இருந்தன. மேலாக இருந்த கிருமியை மாத்திரையும் டெட்டாலுமாக நான் கொன்றிருக்கிறேன். ஆழத்தில் இருந்தது பத்திரமாக இருந்திருக்கிறது. டாக்டருக்கு அதைக் காட்டிக்கொடுக்க ஒன்றே ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் துடைத்து எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பாஸ் என்று வந்திருக்கிறேன். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நோயாளி மருந்து எடுத்தாரா, புண்ணைக் கழுவினாங்களான்னு கேட்டியா?" என்றார் முதலாளி.

"கேட்டேன் சார். ரெண்டும் இல்லன்னு தாள்ல எழுதியும் இருக்கேன். ஆயா இங்கதானே இருக்காங்க. அவங்களையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். மகன் பார்த்தான். நான் பொய் சொல்லி அவன் கேட்டதில்லை.

"ஞாபகம் இல்லைம்மா," என்றேன். "வயசாயிடுச்சு இல்ல."

அந்த வாய் என் வாய்தான். முப்பது வருடத்துக்கு முந்திய கண் டெஸ்ட் எழுத்து வரிசையை இன்றைக்கும் ஒப்பிக்கிறவள் நான். எனக்கு வயசாகிவிட்டது என்று அதற்குமுன் யாரையும் சொல்ல விட்டதில்லை. அன்றைக்கு நானே சொன்னேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் அவள் மேலே ஒன்றும் பேசவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளி, சந்தேகம் வந்தால் திரும்ப எடுக்காமல் ஏன் ரிப்போர்ட் கொடுத்தாய் என்று அவளைத் திட்டினார். ஆயா வரமாட்டேன்னுட்டாங்க என்று மட்டும் சொன்னாள். மகன் இதை இப்படியே விடமாட்டேன், புகார் எழுதிப் போடப் போகிறேன் என்றான். முதலாளி எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தார். பிறகு அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, அந்தத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் மகன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஒரு நியாயம் கிடைத்த மாதிரி சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் ஷிப்ட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கால் என்னுது," என்றார். "அதப் பத்தி நான் உன்ன ஒண்ணும் கேக்கல. கேக்கவும் மாட்டேன். நானும்தான் பக்கத்துல குந்திகினு வாயத் தொறக்கல."

"ஏங்க தொறக்கல?"

"நீ இல்லன்னு சொல்லிட்ட. நாலு பேருக்கு முன்னால நான் ஆமான்னு சொன்னா உன் மூஞ்சி என்னா ஆவறது?"

அவர் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு என்னா பண்ணுச்சு? போய்ச் சொல்லிட்டு வா."

போகிறேன் என்றேன். போகவில்லை. முதலில் அவர் கட்டு மாற்றுகிற வேலை இருந்தது. பிறகு அவருக்கு நடைப் பழக்கம் கொடுக்க வேண்டியிருந்தது, பாதிப் பாதத்துக்கு என்று செய்த செருப்பு வந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மருமகள் குழந்தையோடு வந்தாள். எல்லாமே உண்மையான வேலைதான், ஆனால் ஒன்றுமே ஒரு நாள் போய்வர முடியாத வேலை இல்லை. ஐந்து மாதம் இப்படிப் போனது. அவர் இரண்டாவது தடவை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு இன்னும் நாள் கடத்தியிருப்பேன். அவர் அதை அறிந்தவர்.

ஒரு நாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன். லேப்பைக் கூட்டுகிற அம்மாள் குறிஞ்சிப்பாடியில் தெருவைச் சொல்லியிருந்தாள். தறி ஓடுகிற தெரு. அந்தப் பெண்ணின் தாய் தறிக்குப் பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்லாமல், லேப்பில் பழக்கம் என்றேன். மகள் கடலூரில் புடவைக்கடையில் இருப்பதாகச் சொன்னாள். வேறு லேப்பில் கேட்டுப் பார்த்தார்களாம். அந்தக் கால் விஷயம் எல்லா இடத்துக்கும் முன்னாலேயே போய்விட்டதாம். "படிச்ச படிப்ப வுட்டுட்டு எவளோ பிரிச்சிப் போட்ட பொடவைய மடிச்சிகினு நிக்கிறா," என்றாள். எனக்கு மோர் கொடுத்தாள். அந்த மோரை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. குடித்தேன்.

அடுத்த பஸ் பிடித்துக் கடலூர் போனேன். கடையில் கூட்டம். அவள் மேடைக்கு அந்தப் பக்கம் நின்று புடவை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"என்னா பாக்கறீங்க ஆயா? காட்டனா, சில்க் காட்டனா?"

"அன்னைக்கு நான் கழுவினேன்," என்றேன். "மாத்திரையும் கொடுத்தேன். எல்லாம் ஞாபகம் இருந்தது."

என் குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள்.

"தெரியும்," என்றாள். "புண்ணுல டெட்டால் வாடை வந்துச்சு. ஆயா பொய் சொல்லமாட்டாங்கன்னு நெனச்சிகினு எழுதிட்டேன். அது என் தப்பு. அன்னைக்கே திருப்பி அனுப்பியிருக்கணும்."

உன் தப்பு இல்லைம்மா என்றேன். லேப்புக்கு வந்து முதலாளியிடம் நானே சொல்கிறேன், நீயும் வா என்றேன். அங்கே வேறு ஆள் சேர்ந்து நாளாகிவிட்டது என்றாள். வேறு எங்காவது வேலை கேட்க நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். அவள் மடித்த புடவையை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஓரத்தை நீவிவிட்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"தாத்தாவுக்கு கால் எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள்.

"பாதி இருக்குது. நடக்கிறார்."

"இன்னொரு காலயும் தெனமும் பாருங்க. அடியில கண்ணாடி வச்சிப் பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போங்க ஆயா. கஸ்டமர வுட்டுட்டு நின்னு பேசுனா சூப்பர்வைசர் திட்டுவாரு."

திரும்பி வந்து, வீட்டுக்குப் போகாமல் நேராக லேப்புக்குப் போனேன். பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்கள் கேட்கும்படியாகவே முதலாளியிடம் சொன்னேன். பொய் சொன்னது நான், அந்தப் பெண்மேல் ஒரு குறையும் இல்லை என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து, எந்தப் பெண் என்று கேட்டார். நினைவு வந்ததும், சரிங்கம்மா, போனது போச்சு, இப்போ எதற்கு அதெல்லாம் என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மகன் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனிடமும் சொன்னேன். அவன் என்மேல் கத்தவில்லை. கை சோற்றிலேயே இருந்தது. "நான் அந்தப் பொண்ண என்னென்ன கேட்டேன்மா," என்றான். அதற்குமேல் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து என்னிடம் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் நான் ஒன்று சொன்னால், அது உண்மைதானா என்று ஒரு நொடி என் முகத்தைப் பார்க்கிறான். அது அவனுக்குத் தெரியாமலே நடக்கிறது. எனக்குத் தெரிகிறது.

அவர் படுத்திருந்த அறைக்குள் போனேன். என் நடையிலேயே எங்கே போய் வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னா சொல்லுச்சு?"

"தாத்தாவுக்கு கால் எப்பிடி இருக்குதுன்னு கேட்டுச்சுங்க."

அவர் அந்தப் பாதிக் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.